இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘கேட்டுட்டுத் தொடு’ என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: இரண்டாம் வகுப்பில் 38 பிள்ளைகள், ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள், ஜடையை இழுக்கிறார்கள், கேட்காமல் கட்டிப்பிடிக்கிறார்கள், அதிலும் ஒரு பையன் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒட்டிக்கொண்டே இருக்கிறான், ஒரு பெண் குழந்தையின் அம்மா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், ‘பர்சனல் ஸ்பேஸ்’ பற்றி எப்படிப் பாடம் எடுப்பது. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. “தொடாதே தொடாதே என்று சொல்லிச் சொல்லி, பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தே ஒதுங்க ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். பாசத்தைக் கெடுக்காமல் எல்லையைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பதுதானே விஷயம்? முடியும். ஆனால் நீங்கள் பார்த்த வீடியோவில் வருவதுபோல் ஒரு வளையத்தை இடுப்பில் மாட்டிவிட்டு ‘இது உன் குமிழி, உள்ளே யாரும் வரக்கூடாது’ என்று சொல்வது நம் வகுப்பறையில் பாதி தூரம்தான் போகும்.

நான் 24 வருடம் தொடக்கப்பள்ளியில் இருந்தேன், பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான். அப்புறம் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். மருத்துவரோ மனநல ஆலோசகரோ கிடையாது. அதனால் ஆராய்ச்சியில் நிலைபெற்ற விஷயம் எது, என் வகுப்பறையில் மட்டும் பார்த்தது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்தக் குமிழிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966-ல் மனிதர்கள் தங்களைச் சுற்றி வைத்துக்கொள்ளும் தூரத்தை நான்கு அடுக்காகப் பிரித்தார். மிக நெருங்கியவர்களை மட்டும் அனுமதிக்கும் முதல் அடுக்கு சுமார் 45 சென்டிமீட்டர். பூக்காரம்மா மல்லிகையை அளக்கிறாரே, அந்த ஒரு முழம்தான் அது. அதற்கு வெளியே சுமார் 120 சென்டிமீட்டர் வரை நண்பர்களுக்கான தூரம். ஆனால் ஹால் அளந்தது பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்த நடுத்தர வர்க்கத்துப் பெரியவர்களை. எல்லா ஊருக்கும் இது பொருந்தாது என்று அவரே சொன்னார். 2017-ல் 42 நாடுகளில் நடந்த ஓர் ஆய்விலும் இந்தத் தூரம் நாட்டுக்கு நாடு கணிசமாக மாறுவது தெரிந்தது. ஆக, மனிதர்களுக்கு இப்படி ஒரு எல்லை உண்டு என்பது உறுதி, இத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் உறுதி இல்லை.

இப்போது உங்கள் வகுப்புக்கு வாருங்கள். ஐந்தடி பெஞ்சில் நான்கு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 38 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம்கூட இல்லை. தரையில் பாய் போட்டு வட்டமாக உட்கார்ந்து படிக்கிற வகுப்பிலும் முட்டியும் முட்டியும் இடித்துக்கொண்டுதான் இருக்கும். அவர்கள் வருவது ஆட்டோவில் எட்டுப் பேர், வீட்டில் தூங்குவது ஒரே பாயில் மூன்று பேர். இந்தப் பிள்ளையிடம் போய் ‘கை நீட்டும் தூரம் தள்ளி இரு’ என்றால், காலையில் பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசைக்காகக் கை நீட்டி நிற்கிற அந்த ஐந்து நிமிடம் அதைச் செய்யும், மீதி நாள் முழுக்க அதனால் முடியவே முடியாது. முடியாத விதியைக் கொடுத்தால் பிள்ளைகள் அதை மதிக்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். அதனால் தூரத்தை விட்டுவிடுங்கள். கேட்பதைக் கற்றுக்கொடுங்கள். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாலும் ‘உன் பென்சிலை எடுத்துக்கவா’, ‘உன் தோள்ல கை போட்டுக்கவா’ என்று கேட்க முடியும், அதற்கு இடமே தேவையில்லை.

இந்தக் கருத்து பிள்ளைகளுக்குப் புதுசும் இல்லை. பாண்டி ஆடும்போது கவனித்திருப்பீர்கள். ஒருத்தி ஜெயித்த கட்டம் அவள் வீடு, மற்றவள் அதை மிதிக்காமல் தாண்டித்தான் போகவேண்டும், அவளாக அனுமதி கொடுத்தால் கால் வைக்கலாம். எல்லை, அனுமதி, அனுமதியைத் திரும்பப் பெறுவது, எல்லாம் அந்த ஆட்டத்திலேயே இருக்கிறது, அதுவும் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கோட்டுக்கு. நான் பல வருடம் பாண்டியிலிருந்துதான் ஆரம்பித்தேன். “அந்தக் கட்டம் அவ வீடுன்னா, அவ கை யாரோட வீடு? அவ ஜடை யாரோட வீடு?” என்று கேட்டால் போதும், ஆறு வயசுப் பிள்ளை டக்கென்று பிடித்துக்கொள்ளும்.

பிடித்துக்கொள்ளும் என்பதால் செய்துவிடும் என்று நினைக்கக்கூடாது. இங்கேதான் புது ஆசிரியர்கள் சோர்ந்துபோகிறார்கள். அடுத்தவர் மனசில் நம் மனசில் இல்லாத ஒன்று இருக்கலாம் என்பது நான்கு, ஐந்து வயதில் பிள்ளைகளுக்குப் புரிய ஆரம்பிக்கிறது. 1983-ல் விம்மர், பெர்னர் என்ற இருவர் செய்த சோதனை இதில் பிரபலமானது. ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார், திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான் என்பது கேள்வி. மூன்று வயதுப் பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள், கொஞ்சம் வளர்ந்தவர்கள் அவன் வைத்த இடத்தைச் சரியாகச் சொல்வார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஏழு வயது. அடுத்தவளுக்குப் பிடிக்காமல் இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை அந்த நொடியில் நினைத்துக் கையை நிறுத்துவது மூளையின் முன்பகுதியின் வேலை, அது முழுசாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். வகுப்பில் அமைதியாக உட்கார்ந்து சரியான பதில் சொன்ன அதே பையன், சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போது முன்னால் இருப்பவளின் முதுகில் ஏறுவான். உங்களை அவமதிக்கவேண்டும் என்று அவன் அதைச் செய்வதில்லை. அந்த நிமிடத்தில் அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் இதற்கு அறிவுரை போதாது, வாய்ப்பாடு மாதிரி தினமும் பயிற்சி வேண்டும்.

பயிற்சி மூன்று சொல்தான். ‘தொடட்டுமா?’, ‘வேண்டாம்’, ‘சரி’. முதல் இரண்டையும் எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள், மூன்றாவதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. என் அனுபவத்தில் முழுக் கஷ்டமும் அந்தச் ‘சரி’யில்தான் இருக்கிறது. ‘வேண்டாம்’ என்ற பதில் கிடைத்த பிள்ளைக்கு முகம் சுருங்கிவிடும், ‘உன்கூட டூ’ என்பான், இல்லாவிட்டால் ‘ஏன் ஏன்’ என்று நச்சரிப்பான், சிலர் அழுவார்கள். வேண்டாம் என்றால் ‘என்னைப் பிடிக்கலை’ என்று அர்த்தம் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் முதலில் என்னை வைத்தே ஆரம்பிப்பேன். “யாராவது வந்து டீச்சர் கையைப் பிடிச்சுக்கவான்னு கேளுங்க” என்று சொல்லிவிட்டு, ஒருத்திக்கு ‘பிடிச்சுக்கோ’ என்பேன், அடுத்தவனுக்குச் சிரித்த முகத்தோடு ‘இப்ப வேண்டாம் கண்ணு, கையில சாக்பீஸ் இருக்கு’ என்பேன், அதற்கடுத்தவளுக்குக் காரணமே சொல்லாமல் ‘இப்ப வேண்டாம்’ என்பேன். மூன்று பேரும் ‘சரி டீச்சர்’ என்று சொல்லிவிட்டு இடத்துக்குப் போகவேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, நான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய பிள்ளையை நானே கூப்பிட்டு ஒரு வேலை கொடுப்பேன். வேண்டாம் சொன்ன பிறகும் பிரியம் அப்படியே இருக்கிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்தால்தான் நம்பும். இதைத் தினமும் ஐந்து நிமிடம், இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். அப்புறம் ஜோடி ஜோடியாக அவர்களே செய்யட்டும்.

இன்னொரு விளையாட்டு உண்டு, இந்தத் தூரத்தை அளக்கும் ஆராய்ச்சியாளர்களும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறார்கள். இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்துங்கள். ஒருவர் மெதுவாக நடந்து வரவேண்டும், நிற்பவர் ‘போதும்’ என்றதும் நிற்கவேண்டும், அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு. அப்புறம் முழம் போட்டு அளக்கச் சொல்லுங்கள், அவர்கள் கை முழத்தால்தான். ஒருத்தி நான்கு முழத்தில் ‘போதும்’ என்பாள், ஒருவன் மூக்கும் மூக்கும் முட்டும் வரை சிரித்துக்கொண்டே நிற்பான். அதே பிள்ளையை வேறு ஆளோடு நிறுத்தினால் கோடு மாறும், அடுத்த வாரம் நிறுத்தினால் மறுபடியும் மாறும். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை, ‘நேத்து விட்டாளே’ என்ற வாதத்துக்கும் அந்தக் கோடுதான் பதில். வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லாத பிள்ளைகளையும் இதில் கண்டுபிடித்துவிடலாம். அவர்கள் ‘போதும்’ என்று சொல்ல மாட்டார்கள், தோளைக் குறுக்குவார்கள், முகத்தைத் திருப்புவார்கள், பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். அப்போது நடந்து வருகிற பிள்ளையிடம் “அவ முகத்தைப் பாரு, அவ என்ன சொல்றா?” என்று கேளுங்கள். பதில் வராமல் இருப்பது ‘சரி’ ஆகாது என்பதை இரண்டாம் வகுப்பிலேயே கற்றுக்கொள்ள முடியும்.

இப்போது சொல்லப்போவது, இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், ஒரு கிராமத்துப் பள்ளியில், உங்களை மாதிரியே சலித்துப்போய், ‘ஒருவரையொருவர் தொடாதே, தள்ளி உட்கார்’ என்று ஒரு அட்டையில் பெரிதாக எழுதி வகுப்பில் மாட்டினேன். பத்து நாள் வகுப்பு நன்றாகவே இருந்தது. அப்புறம் ஒருநாள் கவனித்தேன், ‘தள்ளி உட்கார்’ என்ற சொல் இரண்டே பிள்ளைகளை நோக்கித்தான் போகிறது. இருவரும் ஊருக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து வந்தவர்கள். தண்ணீர்ப் பானைப் பக்கம் போனாலும் ‘தொடாதே, டீச்சர் சொல்லியிருக்காங்க’ என்றான் ஒருவன், ஏழு வயது. வீட்டில் கேட்ட சொல்லுக்கு என் அட்டை முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. அந்த அட்டையை அன்றைக்கே கழற்றினேன், ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் அந்தப் பத்து நாளில் என்ன நினைத்திருப்பார்கள் என்பது இன்று வரை என்னை விட்டுப் போகவில்லை. வளையம் வைத்துப் பாடம் எடுக்கிற ஊரில் ‘தள்ளி நில்’ வெறும் தூரத்தைக் குறிக்கலாம். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

அதனால் அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு வரையறை வைத்தேன், நீங்களும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். “உன் உடம்புக்கு மட்டும்தான் நீ வேண்டாம் சொல்லலாம். பெஞ்சுக்குச் சொல்ல முடியாது, தண்ணிக்குச் சொல்ல முடியாது, தட்டு வைக்கிற இடத்துக்குச் சொல்ல முடியாது, எல்லாரும் ஆடுற ஆட்டத்துல யாரையும் சேர்க்க மாட்டேன்னு சொல்ல முடியாது.” இதைச் சொன்னால் மட்டும் போதாது, எண்ணவும் வேண்டும். ஒரு வாரம், யார் யாரிடம் வேண்டாம் சொன்னார்கள் என்று மனசுக்குள் கணக்கு வையுங்கள். எல்லா வேண்டாமும் ஒரே பிள்ளை மேல் விழுந்தால், அங்கே நடப்பது வேறு. சாதியாக இருக்கலாம், கறுப்பு நிறமாக இருக்கலாம், அழுக்குச் சட்டையாக, திக்கிப் பேசுவதாக இருக்கலாம். அதைப் பிள்ளைகளின் விருப்பம் என்று விட்டுவிடக்கூடாது. இடத்தை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், யார் பக்கத்தில் யார் என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். நாங்குநேரியில் சாதி வெறியால் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசையில் உட்காரவைக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். நாம் கன்னத்தைக் கிள்ளுகிறோம், காதைத் திருகுகிறோம், கையைப் பிடித்துத் தரதரவென்று வரிசைக்கு இழுக்கிறோம், ஆண்டு விழாவுக்கு வரும் விருந்தினர் மடியில் குழந்தையைத் தூக்கி உட்காரவைக்கிறோம். அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடை செய்தாகிவிட்டது, ஆனால் கேட்காமல் தொடுவதை நாம் ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை. பெரியவன் சின்னவனைக் கேட்காமல் தொடலாம் என்று நாள் முழுக்கக் காட்டிவிட்டு, பிள்ளையிடம் மட்டும் வேறு விதி சொன்னால் அது நிற்காது. “தலையை வாரி விடட்டுமா?”, “கையைப் பிடிச்சு எழுத வைக்கட்டுமா?” என்று நீங்கள் கேட்க ஆரம்பியுங்கள். முதலில் பிள்ளைகள் முழிப்பார்கள், ஒரு மாதத்தில் அவர்களே அதைத் திருப்பிச் சொல்வார்கள். பெற்றோர் கூட்டத்தில் ‘மாமாவுக்கு முத்தம் கொடு’ என்று வற்புறுத்த வேண்டாம், வணக்கம் சொன்னால் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சில பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இனி, யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒட்டிக்கொள்கிறான் என்று நீங்கள் எழுதிய அந்தப் பையனைப் பற்றி. இத்தனை தூரத்தில் இருந்து அவனுக்கு இது, அது என்று பெயர் வைக்க நான் தயாராக இல்லை, நீங்களும் வைக்காதீர்கள். நெருக்கத்தின் அளவை உணர்வதில் மூளைக்கும் பங்கு உண்டு என்பது உறுதியான விஷயம். அமிக்டலா என்ற மூளைப்பகுதி இரண்டு பக்கமும் சேதமான ஒரு பெண்ணை 2009-ல் அமெரிக்காவில் சோதித்தபோது, மற்றவர்கள் சராசரியாக 76 சென்டிமீட்டரில் நின்ற இடத்தில் அவர் 34 சென்டிமீட்டர் வரை போய் நின்றார், அதில் அவருக்கு ஒரு அசௌகரியமும் தெரியவில்லை. இதை ஒரு வகுப்பறைப் பையனோடு பொருத்த முடியாது, எல்லாமே வளர்ப்புக் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்காக மட்டும் சொல்கிறேன். உடம்புக்கு அழுத்தம் தேடும் பிள்ளைகளுக்கு நோட்டுக் கட்டைத் தூக்குவது, சுவரைத் தள்ளுவது போன்ற கனமான வேலைகள் கொடுத்தால் அடங்குவார்கள் என்று பலர் சொல்வார்கள். இதற்கான ஆராய்ச்சி ஆதாரம் வலுவானதில்லை, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே இதில் நிதானம் தேவை என்றது. என் வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு உதவியது, வேறு சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. செலவில்லாத காரியம், செய்து பாருங்கள், பலன் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கூடவே பேச்சு, கண் பார்த்துப் பேசுவது, சத்தத்தைத் தாங்குவது, இவற்றிலும் வித்தியாசம் தெரிந்தால் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தனி பெஞ்சில் மட்டும் உட்காரவைக்காதீர்கள்.

சத்தம் போட்ட அந்த அம்மாவிடம் கோபப்படாதீர்கள். அவர் மகளுக்குப் பிடிக்காதது நடந்தது உண்மை, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பையனை வேறு பள்ளிக்கு அனுப்பு, போலீசுக்குப் போவேன் என்ற பேச்சு வந்தால், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது என்பது சட்டம் என்று பொறுமையாகச் சொல்லலாம், ஏழு வயதைத் தாண்டியிருந்தாலும் இது வகுப்பறைக்குள் தீர்க்கவேண்டிய விஷயம்தான். பாசத்தில் கட்டிப்பிடிக்கும் பிள்ளையையும் ‘கெட்ட தொடுதல்’ பாடத்தையும் ஒன்றாகக் குழப்பிவிடாதீர்கள், இரண்டுக்கும் தனித்தனி நாள் வையுங்கள். ஆனால் ஒன்று. இந்தப் பயிற்சி நடக்கும்போது ஏதாவது ஒரு பிள்ளை, ‘எங்க வீட்ல ஒருத்தர் நான் வேண்டாம்னு சொன்னாலும் தொடுறாங்க’ என்று சொல்லலாம். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. அப்போது மற்ற பிள்ளைகள் முன்னால் துருவிக் கேட்காதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். சொன்னது நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு, தலைமையாசிரியரிடம் தெரிவியுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது நம் கடமை, மறைத்தால் நமக்கே தண்டனை உண்டு. தலைமையாசிரியர் ‘பெரிசாக்க வேண்டாம்’ என்றாலும் அந்தக் கடமை உங்களிடம்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை பாண்டியில் ஆரம்பியுங்கள். அதற்கு முன் ஒரு சின்ன நோட்டு வாங்கி, அந்தப் பையன் எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் மேல், எதற்கு முன்னால் ஒட்டுகிறான் என்று பத்து நாள் ஒரு வரி எழுதுங்கள். என்னிடம் படித்த ஒருவன் வாரத்தில் இரண்டு நாள் மட்டும்தான் அப்படி இருந்தான், எழுதிப் பார்த்த பிறகுதான் அந்த இரண்டு நாளும் அவன் அம்மா இரவு வேலைக்குப் போன மறுநாள் என்று தெரிந்தது. உங்கள் பத்து வரியையும் இங்கேயே எழுதுங்கள், பெயர் போடாமல். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.